முகப்புப் பக்கம் சொல்லும் சேதி

ஆய்வுக் கட்டுரைக்காகப் பழைய தமிழ்ப் புத்தகத்தைத் தேடி எடுக்கும் மாணவர் முதலில் ரசிக்க வேண்டியது அதன் முகப்புப் பக்கத்தை. ஆசிரியர், பதிப்பித்தவர், அச்சுக்கூடம், விலை என்று நூலின் ஜாதகமே அங்கே இருக்கும்.

ஆண்டு மட்டும் கண்ணாமூச்சி காட்டும். ‘பிரபவ வருஷம்’ என்றிருந்தால் அது 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ? 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமே! விலை அணாக் கணக்கில் இருந்தால் 1987 கழிந்தது. 1957-இலேயே நயா பைசா வந்துவிட்டது. மிச்சத்தை முன்னுரையும் அச்சுக்கூடம் இயங்கிய காலமும் சொல்லிவிடும்.

இந்தத் துப்பறிதலுக்குச் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அருமையான களம். கோட்டையூர் முத்தையா சேர்த்த நூல்களே அதன் அடித்தளம்.

கட்டுரையின் கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொண்டு அங்கே போங்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறிப்பு அட்டை எழுதுங்கள்; மேற்கோளோடு பக்க எண்ணையும் அன்றே குறித்துவிடுங்கள்.