மௌனத்துக்கு ஒரே சொல் போதுமா?

மொழிபெயர்ப்புக் கதைகள் பற்றி நம்மவர் எழுதும் விமர்சனங்களில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: "கதை மறைமுகமாகச் சொல்கிறது." நானும் அப்படி எழுதியவன்தான். சொல்லாமலே விளங்கும் விஷயங்களுக்கு ஆங்கிலத்திலுள்ள சொற்களைப் பிரித்துப் பார்த்த பிறகு, அதை எழுதக் கை கூசுகிறது.

'இம்ப்ளிசிட்' என்பதன் இலத்தீன் வேர், உள்ளே மடித்து வைத்தலைக் குறிக்கும். 'டாசிட்' என்பதன் வேர் பேசாதிருத்தல். முன்னது சொல்லுக்குள் மடிந்து கிடக்கும் பொருள். பின்னது ஆட்கள் வாய்திறக்காமலே ஏற்றுக்கொண்ட உடன்பாடு. 'இம்ப்ளை' சொல்பவரின் செயல். 'இன்ஃபர்' கேட்பவரின் செயல்.

ஹெமிங்வேயின் 'ஹில்ஸ் லைக் வைட் எலிபன்ட்ஸ்' 1927இல் வந்த கதை. ஸ்பெயினின் எப்ரோ பள்ளத்தாக்கில், ஒரு ரயில் நிலையத்தில் ஓர் ஆணும் பெண்ணும் காத்திருக்கிறார்கள். ஒரு சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு வருகிறது. அது கருக்கலைப்பு என்று கதையில் எங்கும் இல்லை; ஆனாலும் நமக்கு விளங்குகிறது. இது இம்ப்ளிசிட். கடைசியில் அவள் சிரித்து, தனக்கு ஒன்றுமில்லை என்கிறாள். இதை வைத்து "அவள் சம்மதித்துவிட்டாள்" என்று எழுதினால், அது நாம் இன்ஃபர் செய்தது. அவள் தலையில் கட்டக் கூடாது.

இது கதையோடு முடிகிற சங்கதியல்ல. எங்கள் குடும்பக் கல்யாணமொன்றில் மூத்தம்மா சொன்னா: "புள்ளக்கிட்ட கேட்டம்; ஒண்டும் பேசல்ல. அப்ப விருப்பந்தானே." கன்னிப்பெண்ணின் மௌனம் அனுமதி என்ற நபிமொழியை எல்லோரும் அறிவோம். அவளிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்ற அதன் முற்பாதியை எத்தனை பேர் நினைக்கிறோம்? 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. கேட்காத இடத்து மௌனம் டாசிட் அல்ல, வெறும் மௌனம்.

தமிழுக்குச் சொற்பஞ்சமில்லை. மடிந்து கிடப்பதற்குத் தொல்காப்பியம் தந்த 'உள்ளுறை' இருக்கிறது. சொல்பவர் உணர்த்துகிறார், கேட்பவர் உய்த்துணர்கிறார். டாசிட்டுக்கு 'மௌன உடன்பாடு' போதும். அதுவும் இரு தரப்பும் உடன்பட்டிருந்தால் மட்டும். 'மறைமுகமாக' என்று எழுதுமுன், மறைத்தவர் யார், விளங்கிக்கொண்டவர் யார் என்று விமர்சகர் ஒருதரம் கேட்டுப் பார்க்கட்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.