குழாயில் ஆரம்பிச்சு விதியில் முடிஞ்ச கதை

ஏட்ரியன் பெஜானை எனக்குப் பிடிச்சதுக்குக் காரணம் ஒரு சாதாரணக் குழாய். ருமேனியாவில் 1948இல் பிறந்தவர். எம்ஐடியில் படிச்சுட்டு, 1984 முதல் டியூக் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியர். என்ட்ரோபி உருவாக்கம் பற்றி 1982இல் அவர் எழுதின புத்தகத்தில் வரும் ஒரு கேள்வி ரொம்ப எளிமையானது: குழாய் எவ்வளவு அகலமா இருக்கணும்?

தண்ணீரின் அளவை மாத்தாம, விட்டத்தை மட்டும் பாதியாக்கிக் கொந்தளிப்பா ஓடவிடுங்க. அதே வெப்பநிலை வித்தியாசத்தில், மீட்டருக்குக் கடத்தப்படும் வெப்பம் சுமார் 1.7 மடங்காகும். அழுத்த இழப்போ கிட்டத்தட்ட 28 மடங்காயிடும்! ஒரு பக்கம் லாபம், மறுபக்கம் பம்ப்புக்குச் செலவு. இரண்டு வீணடிப்பையும் என்ட்ரோபி என்ற ஒரே தராசில் வைத்து, மொத்தம் எங்கே குறையுதுன்னு பெஜான் கணக்குப் போட்டார். கணக்கு தப்புன்னா சோதனைச் சாலையில் உடனே மாட்டிக்கும். அதுதான் அதோட பலம்.

1996இல் அவர் முன்வைத்த 'கன்ஸ்ட்ரக்டல் விதி' வேற ரகம். ஓட்டமுள்ள எந்த அமைப்பும் நிலைச்சிருக்கணும்னா, ஓட்டம் மேலும் மேலும் எளிதாகிற மாதிரி அதன் வடிவம் மாறிக்கிட்டே வரணும் என்கிறார். ஆறு, நுரையீரல், மின்னல், விமானம், சமூகம் எல்லாமே இதுக்குள் அடக்கம்.

இங்கேதான் எனக்கு உறுத்துது. எது ஓடுது, எந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஓடுது என்பதை ஒவ்வொரு தடவையும் நாமதான் தேர்ந்தெடுக்கணும். விடை தெரிஞ்ச பிறகு தேர்ந்தெடுத்தா, எந்த விதியும் ஜெயிச்சுடும். 1926இல் மர்ரே ரத்தக் குழாய்களைப் பற்றிச் சொன்னதோட ஒப்பிட்டுப் பாருங்க: தாய்க் குழாயின் ஆரத்தின் கனம், கிளைக் குழாய்களின் ஆரக் கனங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். அளவுகோலை எடுத்துப் போய்ப் பொய்யாக்கிடலாம். பெரிய ரத்தக் குழாய்களில் அது பொருந்தாமலும் போகுது. அப்படிப் பொய்யாக இடம் கொடுப்பதே ஒரு கூற்றுக்குப் பெருமை.

பெஜானின் விதி அந்த இடத்தைக் கொடுக்கத் தயங்குது. சூடாகும் மின்னணுச் சில்லைக் குளிர்விக்க அவர் வரைந்த மரக்கிளை வடிவத்தையே எடுத்துக்குங்க. கிளைகளைக் கூட்டினா வெப்பத் தடை எப்பவும் குறையும்னு இல்லை என்று பின்னால் சிலர் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. வடிவமைப்பு முறையா அது இன்னும் பயனுள்ளதுதான். ஆனா இயற்கையின் விதின்னு சொல்ல அது போதாது.

2018இல் அவருக்குக் கிடைச்ச பெஞ்சமின் பிராங்க்ளின் பதக்கம் இரண்டு பாதியையும் சேர்த்தே பாராட்டியது. நான் முதல் பாதிக்கு மட்டும் கை தட்டுவேன். வெப்பக் கடத்தல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு சொல்றேன்: விதியைப் படிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் குழாய்க் கணக்கை ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க.