பொறி இல்லாமல் பற்றும் நெருப்பு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வரிசைகட்டி வரும் அரசுப் பேருந்துகளின் உறுமலை வெறும் இரைச்சல் என்று தள்ள எனக்கு மனம் வராது. அந்த டீசல் இன்ஜினுக்குள் நடப்பது அத்தனை அழகு. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்க வேண்டும். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. வெறும் காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அமுக்குகிறது பிஸ்டன். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சூடுதான். இங்கே 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதற்குள் இன்ஜெக்டர் டீசலைத் தூறலாகப் பீய்ச்ச, தானே பற்றிக்கொள்கிறது.

எரிபொருளின் குணமும் நேர் எதிர். அமுக்கும்போது முந்திக்கொண்டு பற்றாமல் பொறுத்திருப்பது நல்ல பெட்ரோல்; சூட்டைக் கண்டதும் தயங்காமல் பற்றுவது நல்ல டீசல். பெட்ரோல் கலவையை இந்த அளவு அமுக்கினால் நேரம் தவறி வெடிக்கும். அமுக்கம் கூடக்கூட, அதே எரிபொருளில் கூடுதல் வேலை வாங்கலாம். டீசலின் சிக்கனம் பெரும்பாலும் அங்கிருந்துதான். இழுவையிலும் குறையில்லை: போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும் பேருந்து, ஆள் நிறைந்தும் நிதானமாக இழுத்துப் போவதைக் கவனித்துப் பாருங்கள். புகையும் நுண்துகளும் டீசலின் குறை, மறுக்கவில்லை.

ருடால்ஃப் டீசல் 1897-இல் தன் இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. நம் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் விளைகிற அதே மல்லாட்டையின் எண்ணெய்!