நிப்பிள் இருக்கிறது, பேரிங்குக்குக் கிரீஸ் போகவில்லை

42 அங்குல டெக், இரண்டு பிளேடு, ஒற்றை சிலிண்டர் எஞ்சின். இந்த ரைடிங் மோவரைப் பற்றிய மற்ற விவரங்கள் கடை அட்டையிலேயே இருக்கின்றன. ஒஹாயோவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை புல் வளர்ந்துகொண்டே இருக்கும். சில கோடைகளாக இந்த வண்டிதான் வெட்டுகிறது. எஞ்சின்மேல் ஒரு குறையும் இல்லை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தாலும் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். என் கோபமெல்லாம் பிளேடைத் தாங்கும் ஸ்பிண்டில்மேல்தான்.

அதன் கூட்டில் ஒரு கிரீஸ் நிப்பிள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவையோ இருபுறமும் ரப்பர் சீல் போட்ட 6203 பேரிங்குகள். அடிக்கிற கிரீஸ் இரண்டு பேரிங்குக்கும் நடுவிலேயே தங்கிவிடுகிறது. குண்டுகளுக்குப் போய்ச் சேருவதில்லை. போதாக்குறைக்கு, டெக்கைக் கழுவத் தோட்டக் குழாய் மாட்டும் வாய் ஒன்றும் உண்டு. பிளேடு சுழலச் சுழலத் தண்ணீர் ஸ்பிண்டிலின் அடியில் அடிக்கிறது. சீல் சற்றுத் தேய்ந்தால் போதும், ஈரமும் மண்ணும் கீழ்ப் பேரிங்குக்குள் புகுந்துவிடும். கிரீஸ் போகாத இடத்துக்குத் தண்ணீர் போகிறது. இதை நல்ல வடிவமைப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

பேரிங் இறுகினால் பழி முதலில் பெல்ட்மேல் விழும். வழுக்கிச் சூடேறிப் பக்கங்கள் பளபளக்கும். கருகிய ரப்பர் வாடை வரும். பேரிங்கை விட்டுவிட்டுப் புதுப் பெல்ட் மாட்டினால் அதற்கும் இதே கதிதான். ஆகவே பெல்ட் வாங்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள், பெல்ட்டை இறக்குங்கள், ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லரையும் விடாதீர்கள். கரகரப்பு கேட்டாலோ, கையுறை போட்டுப் பிளேடு நுனியை மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலோ, பேரிங் போய்விட்டது. ஆட்டத்தோடு ஓட்டவே கூடாது. அமெரிக்கத் தரவிதி பிளேடு நுனிக்கு அனுமதிக்கும் உச்சவேகம் நிமிடத்துக்கு 19,000 அடி; மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர்.

நல்ல சேதி, 6203 உலகம் முழுக்க ஒரே அளவு: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். முழு ஸ்பிண்டிலையும் வாங்கச் சொல்வார்கள். கூடு விரிசல் விடாமல், சாஃப்ட் தேயாமல் இருந்தால் இரண்டு பேரிங் மட்டும் போதும். கூட்டில் ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டுமே அழுத்தம் விழவேண்டும். நடுவிலுள்ள ஸ்பேசர் குழாயை விட்டுவிட்டு நட்டை முறுக்கினால் புதுப் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். ஒன்றையொன்று பார்த்திருக்கும் உட்பக்கச் சீல்களை மட்டும் கழற்றிவிட்டு மாட்டினேன். இப்போதுதான் அந்த நிப்பிளுக்கு வேலை வந்திருக்கிறது. கிரீஸை மெதுவாக அடிக்கவேண்டும். அழுத்தம் கூடினால் வெளிச் சீல் பிதுங்கிவிடும். கழுவும் வாயை மூடிவிட்டேன். ஒட்டிய புல்லை மரச்சட்டத்தால் சுரண்டினாலே டெக் சுத்தமாகிறது.

எஞ்சினுக்காக இந்த வண்டியை வாங்கலாம், டெக்குக்காக வாங்கவேண்டாம். கடைக்குப் போனால் இருக்கையில் ஏறி உட்காரும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பேரிங் தனியாகக் கிடைக்குமா? நிப்பிளில் அடிக்கும் கிரீஸ் பேரிங்குக்குப் போகுமா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.