‘பார்ட்னர்’ என்று எழுதிவிட்டால் போதுமா? சேலத்துப் பீடியும் அய்யம்பாளையத்துத் தேங்காயும்

செயலி வழித் தொழில் தொடங்குகிறவர்களுக்கான சட்ட வழிகாட்டிக் கட்டுரைகளை ஒரு மாதமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சு. கம்பெனி பதிவு, ஜிஎஸ்டி, பயன்பாட்டு விதிமுறைகள், தனியுரிமைக் கொள்கை என்று வரிசையாகப் போகும். கடைசியில் ஒரு யோசனை: “வேலை செய்பவரை ஊழியர் என்று எங்கும் எழுதாதீர்கள், பார்ட்னர் என்று எழுதுங்கள். சுயேச்சையான ஒப்பந்ததாரர் என்று கையெழுத்து வாங்குங்கள்.” அதோடு ஆபத்து தீர்ந்தது மாதிரி கட்டுரை முடிந்துவிடும்.

இந்த யோசனை தொழில் தொடங்குகிறவரையும் காப்பாற்றாது, வேலை செய்கிறவரையும் காப்பாற்றாது என்பது என் கருத்து. இதற்கு ஊபர் பக்கம் போக வேண்டியதே இல்லை. சேலத்துப் பீடிக்கடைகளில் 60 வருஷத்துக்கு முன்பே இந்தக் கதை நடந்து முடிந்துவிட்டது.

1964: சேலம்

திவான் மொய்தீன் சாகிப் அண்ட் சன்ஸ் எதிர் ஐக்கிய பீடித் தொழிலாளர் சங்கம், சேலம். உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்த வழக்கு. பீடி முதலாளிகள் இலையையும் தூளையும் இடைத்தரகர்களிடம் கொடுப்பார்கள். தரகர்கள் ஆட்களை வைத்துப் பீடி சுற்றி, திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முதலாளிக்கும் தரகருக்கும் நடுவே அச்சடித்த ஒப்பந்தம் உண்டு. அதன்படி தரகர் ஒரு சுயேச்சையான ஒப்பந்ததாரர், தொழிலாளி அவருடைய ஆள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சம்பந்தமே இல்லை.

அங்கே வேலை எப்படி நடந்தது என்பதைப் பாருங்க. வருகைப் பதிவேடு கிடையாது. இத்தனை மணிக்கு வா, இத்தனை மணிக்குப் போ என்ற கட்டாயம் கிடையாது. தினமும் வந்தாக வேண்டும் என்பதும் கிடையாது. சொல்லாமல் வராமல் இருந்தாலும் தரகரால் ஒன்றும் செய்ய முடியாது. இலையை வீட்டுக்கு எடுத்துப்போய் வெட்டிக்கொண்டு வரலாம். கூலி, சுற்றிய பீடிக் கணக்குப்படி.

இன்றைக்கு ஒரு டெலிவரி நிறுவனம், “எங்கள் பார்ட்னர்கள் விரும்பிய நேரத்தில் உள்ளே வரலாம், விரும்பிய நேரத்தில் வெளியேறலாம்” என்று நீதிமன்றத்தில் சொன்னால், அது சேலத்து முதலாளிகள் தரப்பு வாதத்தின் மறுபதிப்புதான். அந்த வாதம் அன்றைக்கே எடுபடவில்லை. அந்தத் தரகர்கள் வசதியில்லாத ஆட்கள். அந்த ஒப்பந்தம் வெறும் முகமூடி. தொழிலாளிகள் முதலாளிகளின் தொழிலாளிகளே என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இது ஒற்றை வழக்கு இல்லை. 1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், துண்டுக்கூலிக்குத் தைத்த தையல்காரர்களும் ஊழியர்களே என்றது உச்ச நீதிமன்றம். தையல் சரியில்லை என்று துணியைத் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்தது. அது கட்டுப்பாட்டுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1978இல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கு, ஹுசைன்பாய் வழக்கு என்று பெயர். யாருடைய உழைப்பில் யாருடைய தொழில் நடக்கிறது, யார் கையை விரித்தால் தொழிலாளியின் பிழைப்பு போகும் என்று பார்க்கச் சொன்னார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். திரையை விலக்கிப் பார் என்பதுதான் இந்த மூன்று தீர்ப்புகளுக்கும் பொதுவான செய்தி. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் விஷயத்தில் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் வழிகாட்டிக் கட்டுரைகளில் ஊபர் வரும், சேலம் வராது.

தேங்காய் வெட்டும் செயலியும்

எங்க பக்கம், அதாவது மருதாநதி அணைக்குக் கீழே அய்யம்பாளையத்தைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு. மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை என்பது எல்லாத் தோப்புக்காரர்களின் புலம்பல். ஆகவே ஏறுகிறவரையும் தோப்புக்காரரையும் இணைக்க ஒரு செயலி இருந்தால் என்ன என்ற யோசனை இயல்பாகவே வரும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கி, கருவி வைத்து ஏறக் கற்றுக்கொடுத்தது. மரம் ஏறுகிறவர்களுக்கென்று விபத்துக் காப்பீடும் வைத்திருக்கிறது.

அப்படி ஒரு செயலியை இங்கே ஒருவர் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறுகிறவர் மரத்திலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு? சட்டத்தின் எல்லா நுணுக்கமும் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து முட்டும்.

அவர் ஊழியர் என்றால், வேலையில் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. அவர் ‘கிக்’ தொழிலாளி என்றால்? 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு (2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது) அவரை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்று வரையறுக்கிறது. என் விமர்சனம் இந்த வரையறை மீதுதான். உறவு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதுதானே சேலத்தில் வழக்கு? எதை விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டுமோ, அதையே வரையறைக்குள் முடிந்துபோன உண்மையாக வைத்துவிட்டார்கள்.

வரையறை அப்படி இருக்கட்டும், கிடைப்பது என்ன? செயலி நடத்தும் நிறுவனம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். ஆனால் அது தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு உதாரணக் கணக்கு: சின்ன செயலி, விற்றுமுதல் 10 லட்சம், ஏறுகிறவர்கள் 40 பேர். நிதிக்குப் போவது 10,000 முதல் 20,000 ரூபாய். ஆளுக்கு வருஷத்துக்கு 250 முதல் 500 ரூபாய். தென்னை மரத்தின் உயரத்தைப் பார்த்துவிட்டு இந்தத் தொகையைப் பாருங்க.

அடுத்தது தகுதி. 2025 டிசம்பர் இறுதியில் வெளியான வரைவு விதிகள், நிதியாண்டில் ஒரே நிறுவனத்தோடு 90 நாள், பல நிறுவனங்களோடு என்றால் 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்கின்றன. நகரத்து டெலிவரிப் பையனுக்கு இது மூன்று மாதம். எங்க ஊர்க் கணக்கு வேறு. ஒரு தோப்பில் ஏறக்குறைய 45 நாளைக்கு ஒரு வெட்டு, வருஷத்துக்கு எட்டு. தோப்புக்கு ஒரு நாள் வேலை என்றால், 90 நாளைத் தொட 12 தோப்புகளாவது அதே செயலி வழியாகவே அவரைக் கூப்பிட வேண்டும். நடப்பில் இரண்டாவது வெட்டுக்குத் தோப்புக்காரர் நேராகப் போன் போட்டுவிடுவார். அந்த நாள் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆபத்து மட்டும் எல்லா நாளும் ஒன்றுதான்.

எதிர்வாதம்

“எல்லாரையும் ஊழியர் ஆக்கினால் இந்த மாதிரி சின்ன நிறுவனங்கள் தாங்குமா? வருஷத்துக்கு எட்டு நாள் வேலைக்கு யார் மாதச் சம்பளம் கொடுப்பது?” இது நியாயமான கேள்வி. ஏறுகிறவர்களிலும் பலருக்கு இந்தச் சுதந்திரம் பிடிக்கும். ஒருத்தருக்கே கட்டுப்பட்டுக் கிடக்க அவர்களுக்கும் மனசில்லை.

ஆனால் ஊழியர், ஊழியரில்லை என்ற இரண்டு பெட்டிதான் உண்டு என்பது சரியில்லை. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நடுவழி ஒன்றைக் காட்டியது. வீட்டில் உட்கார்ந்து, நேரக் கட்டுப்பாடு இல்லாமல், துண்டுக்கூலிக்குச் சுற்றுகிறவரையும் அது ஊழியராகவே எடுத்துக்கொண்டது. பீடி சரியில்லை என்று கழித்துவிட்டால், அந்தத் தகராறைச் சுருக்கமாகத் தீர்க்க ஓர் அதிகாரி வேண்டும் என்றும் சொன்னது. யோசித்துப் பாருங்க, ‘கழித்த பீடி’யின் இன்றைய பெயர்தான் குறைந்த ஸ்டார். இரண்டு வாடிக்கையாளர் குறை சொன்னால் ஐடி முடங்கும். யாரிடம் போய்க் கேட்பது? பீடி சுற்றிய பெண்ணுக்கு 1966இல் ஒரு வழி எழுதிவைத்திருந்தோம். அந்த 1966 சட்டத்தையும் 2020ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் ஒன்றுதான் நீக்கியது. ஒரு கையால் கிக் தொழிலாளிக்குப் பெயர் வைத்து, மறு கையால் பழைய முன்மாதிரியை மடித்து வைத்துவிட்டார்கள்.

கர்நாடகத்தின் 2025 சட்டம் இந்த இடத்தில் பரவாயில்லை. ஒருவரை நீக்குவதற்கு முன் காரணம் சொல்லி 14 நாள் அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. தமிழ்நாடு 2023 இறுதியில் இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. நல்ல காரியம். ஆனால் அது 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த வாரியம். நல உதவி கொடுக்கும் ஏற்பாடு அது. ஐடி ஏன் முடங்கியது என்று கேட்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

பொருள் விற்கும் செயலி என்றால்

ஆளை அனுப்பாமல் பொருளை விற்கிறவர்கள், “எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை” என்று நினைக்கலாம். அவர்களுக்கு வேறு தலைவலி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் சமவெளிப் பூண்டை ஒருவர் உங்க தளத்தில் விற்றால்? “நாங்க வெறும் இடைத்தளம்” என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவைக் காட்டலாம். எதுவரை அது காப்பாற்றும் என்பதில் டெல்லி உயர் நீதிமன்றமே ஒரே குரலில் பேசவில்லை. 2018இல் லூபூட்டான் வழக்கில், விற்பனையில் தளம் தீவிரமாகப் பங்கெடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்றார் தனி நீதிபதி. 2020இல் ஆம்வே வழக்கில், அப்படியொரு பிரிவினையைச் சட்டமே சொல்லவில்லை என்றது இரு நீதிபதி அமர்வு. ஆகவே பொட்டலம் கட்டி, உங்க முத்திரை குத்தி, நீங்களே அனுப்பிவிட்டு ‘இடைத்தளம்’ என்று சொல்லிக்கொள்வது சூதாட்டம்தான்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தெளிவானவை. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், விற்பவர் யார் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

ஜிஎஸ்டியில் ஒரு சின்ன நல்ல செய்தி உண்டு. இணையத்தில் விற்றாலே பதிவு கட்டாயம் என்று இருந்ததை, 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தினார்கள். வரம்புக்குக் கீழே விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரி, மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்றால் முழுப் பதிவு வேண்டாம், ஒரு பதிவெண் போதும். ஆனால் அந்த வியாபாரி வெளி மாநிலத்துக்கு விற்காமல் பார்த்துக்கொள்வது தளத்தின் பொறுப்பு. தாண்டிக்குடிக் காப்பித்தூள் சென்னைக்குப் போகலாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூணாருக்குப் போகக் கூடாது. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் செயலியில் இதற்கொரு தடுப்பு எழுதவில்லை என்றால் மாட்டுவது நீங்கதான்.

அப்புறம் என்ன செய்வது?

தொழில் தொடங்குகிற இளைஞர்கள் கெட்ட எண்ணத்தோடு ‘பார்ட்னர்’ என்று எழுதுவதில்லை. வழிகாட்டி சொல்கிறது, எழுதுகிறார்கள். என் பட்டியல் கொஞ்சம் வேறு மாதிரி. முதல் நாளே, முதல் ஆள் மரம் ஏறும் முன்பே, விபத்துக் காப்பீடு எடுங்கள். பிரீமியத்தைத் தோப்புக்காரர் கட்டணத்திலேயே சேர்த்து, அது இன்னதற்கு என்று பில்லில் காட்டுங்கள். மரத்துக்கு எவ்வளவு, அதில் உங்க கமிஷன் எவ்வளவு என்பதை ஏறுகிறவருக்கும் தெரியும்படி வையுங்கள். ஐடியை முடக்கினால் காரணத்தைத் தமிழில் எழுத்தில் கொடுங்கள், மனிதர் ஒருவர் போனை எடுக்கட்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும்.

இதெல்லாம் செய்தால் “கட்டுப்பாடு இருக்கிறது, ஆகவே நீங்க முதலாளி” என்று நாளைக்கு யாராவது வாதாடுவார்களே என்று வழிகாட்டிகள் பயமுறுத்தும். வாதாடட்டும். விலையை நீங்க வைக்கிறீர்கள், ஆளை நீங்க தேர்ந்தெடுக்கிறீர்கள், ஸ்டாரை நீங்க எண்ணுகிறீர்கள். கட்டுப்பாடு ஏற்கெனவே உங்க கையில்தான் இருக்கிறது. காப்பீடு எடுக்காததால் அது இல்லாமல் போய்விடாது. விழுந்தவர் வீட்டுக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.