துண்டின் கரையும் தோளின் உரிமையும்

குளியல் துவாலையின் இரு முனைகளையும் ஒட்டிக் கண்ணிகளற்ற தட்டையான பட்டையொன்று ஓடுவதை யாவரும் கண்டிருப்பர். அழகுக்கென்றே கருதப்படும் அப்பட்டை, முனை தளர்ந்து உருக்குலையாதிருக்கத் துணைபுரிகிறது. ஏனைய பகுதியின் கண்ணிகள் நீரை உறிஞ்சும் பரப்பை மிகுவிக்கின்றன. அன்றாடப் பொருள்களின் மறைநோக்கினை ஆராயும் எழுத்துகள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. அவ்விளக்கம் பிழையன்று, ஆயின் தமிழர்தம் துண்டினை விளங்கிக்கொள்ள அது போதாது.

துவாலை என்னும் சொல்லும் மலாய்மொழியின் துவாலாவும் போர்த்துகீசியச் சொல்லொன்றின் வழிவந்தவை. துண்டு நம்முடையது. ஈரிழைத் துண்டில் கண்ணிகள் இல்லை. இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்து நெய்வதால் அது நீரை நன்கு ஏற்கிறது, மெல்லியதாகையால் விரைவில் உலர்கிறது. ஜொகூரின் ஈரக்காற்றில் தடித்த துவாலை மறுநாட் காலையிலும் நசநசத்துக் கிடப்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். தோட்டத்தில் அதுவே தலைக்கட்டு, அதுவே சும்மாடு, அதுவே வியர்வை துடைக்கும் துணி.

அதன் கரை ஓரத்தைக் காப்பதோடு அமைவதில்லை. துண்டு தோளில் கிடக்கையில் முதலில் கண்ணிற்படுவது கரையே. எவர் தோளில் அது கிடக்கலாம் என்பதையோ சாதி முடிவுசெய்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்மீது சுமத்தப்பட்ட எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவுசெய்துள்ளார். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை அணியலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அத்தகைய ஊர்களில் தோளில் துண்டிடுவது உடைப்பழக்கமன்று, உரிமைக்கோரல். 1949இல் தோன்றிய தி.மு.க.வின் கறுப்பு சிவப்பு வண்ணங்கள் பின்னர்த் துண்டின் கரையில் ஏறியதையும் இதனோடு வைத்தே நோக்கவேண்டும்.

கடல் கடந்தும் உடல்வழிப் பணிவு ஒழியவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தில், துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்பதும் கூலி உயர்வோடு ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. இக்கோரிக்கையைப் பேசும் ஏடுகள் துண்டைப் பெரிதும் பேசுவதில்லை.

நம் பண்பாட்டு விழாக் காட்சிகளிலோ பால்வாளிக்கும் உளிக்கும் அருகே துண்டு மடித்து வைக்கப்பட்டு, 'பாரம்பரிய உடை' என்று மட்டும் எழுதப்படுகிறது. இது மறதிக்கு இட்ட நல்ல பெயர் என்றே தோன்றுகிறது. கூலாய், குளுவாங், சிகாமாட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் இன்னும் சிலர் உளர். துண்டை எங்கு வாங்கினீர்கள் என்று அவர்களிடம் கேட்கும் மாணவர், யாரைக் கண்டதும் அதைத் தோளினின்று இறக்கினீர்கள் என்றும் கேட்டல் வேண்டும்.