வீடற்ற நாயகனும் வீடு கட்டும் வாசகனும்: நாடோடித் திகில் நாவல்கள் பற்றிய சில குறிப்புகள்

ஜனரஞ்சக நாவல்களை எமது முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் 'நச்சிலக்கியம்' என்ற ஒரு சொல்லாலேயே தீர்ப்பிட்டு ஒதுக்கி வந்துள்ளது. இதற்கு நியாயமான வரலாற்றுக் காரணம் உண்டு. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் பெருக்கம் ஈழத்து எழுத்தின் வளர்ச்சியைத் தடுத்து நின்றது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபின்னரே வீரகேசரிப் பிரசுரங்கள் போன்ற முயற்சிகளுக்கு இங்கு ஒரு சந்தை கிடைத்தது. 1977இன் பின் கதவு மீண்டும் திறந்தது. இப்போராட்டத்தில் நாம் எழுத்தாளன் பக்கம் நின்றோம், நிற்கவும் வேண்டியிருந்தது. ஆயின் வாசகன் ஏன் அந்நூல்களை விரும்பினான் என்ற வினா எழுப்பப்படவேயில்லை. இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்சி சிறையிலிருந்து எழுதிய குறிப்புகளிலே தொடர்கதை நாயகர்களைப் பற்றி இவ்வினாவை எழுப்பினார். நீட்சேயின் அதிமனிதனுக்கு மூலத்தைத் தத்துவ நூல்களிலன்றி டூமாவின் 'மொன்டே கிறிஸ்டோ' நாவலிலே தேடலாம் என்று அவர் கருதியது வெறும் கிண்டலன்று.

இந்நோக்கிலே, உலகெங்கும் பெருந்தொகையாக வாசிக்கப்படும் லீ சைல்டின் ஜாக் ரீச்சர் நாவல்களை அணுகலாம். இவ்வரிசையின் முதல் நாவல் 1997இல் வெளிவந்தது. நாயகன் அமெரிக்க இராணுவப் பொலிஸில் மேஜராக இருந்தவன். பனிப்போர் முடிந்து படை குறைக்கப்பட்டபோது வெளியேறியவன். வீடில்லை, வாகனமில்லை, குடும்பமில்லை, பயணப் பெட்டிகூட இல்லை. மடிக்கக்கூடிய பல்துலக்கி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, மனம்போன ஊரில் இறங்குகிறான். அங்கு ஓர் அநீதி காத்திருக்கிறது. அதனைத் தன் கைப்பலத்தாலும் தருக்கத்தாலும் தீர்த்துவிட்டு மீண்டும் பஸ் ஏறுகிறான்.

இந்நாயகனின் பிறப்பு எமக்கு முக்கியமானது. லீ சைல்ட் என்பது புனைபெயர். ஜிம் கிராண்ட் என்ற அவ்வாங்கிலேயர் மான்செஸ்டரில் கிரனடா தொலைக்காட்சியில் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றியவர்; அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தவர். 1995இல் நிறுவன மறுசீரமைப்பிலே வேலை இழந்தார். அதன்பின் எழுதியதே முதல் நாவல். ஆக, ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளி ஒருவர் ஆட்குறைப்புக்கு ஆளான வீரன் ஒருவனைப் படைத்தார். ஆனால் தொழிற்சங்கவாதியின் அனுபவத்திலிருந்த கூட்டு நடவடிக்கை நாவலிலே முற்றாக மறைந்துவிட்டது. வேலை பறிபோனமை அங்கு இழப்பாக அன்றி விடுதலையாகவே தோற்றுகிறது. தொழிலாளி வர்க்கத்தின் தோல்வியொன்று தனிமனித வெற்றியாக உருமாறும் இடம் இதுவே. இந்நாவல்களின் கவர்ச்சியும் இங்குதான் உள்ளது எனலாம்.

தமிழ்த் துப்பறியும் நாவல் மரபிலே இத்தகைய நாயகன் அரிது என்பது கவனிக்கத்தக்கது. தமிழ்வாணனின் சங்கர்லால் உலகெல்லாம் சுற்றுபவர். எனினும் அவருக்கு வீடும் மனைவியும் உண்டு. சுஜாதாவின் கணேஷ் வழக்கறிஞர். உதவிக்கு வஸந்த் இருக்கிறான். ராஜேஷ்குமாரின் விவேக் அரச உத்தியோகத்தர். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் சொந்த நிறுவனம் நடத்துகின்றனர். உத்தியோகமே மத்தியதர வர்க்கத்தின் கனவாக இருந்த சமூகத்தில் உத்தியோகமற்ற நாயகனைக் கற்பனை செய்வது எளிதன்று. 1958இல் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த படத்தின் தலைப்பிலேகூட நாடோடி தனித்து நிற்கவில்லை, உடனே மன்னனாகிவிடுகிறான்.

ஈழத்து முஸ்லிம்களின் நாவல் வரலாறோ அலையும் நாயகனுடனேயே தொடங்குகிறது. 1885இல் சித்திலெவ்வை எழுதிய 'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது. கெய்ரோவின் உயர்குடியிற் பிறந்து, குழந்தையாகக் கடத்தப்பட்டு, பம்பாயிலே வளரும் அசன், கல்கத்தா உட்படப் பல இடங்களிலே சாகசங்களை எதிர்கொள்கிறான். எகிப்தை 1882இல் பிரித்தானியர் கைப்பற்றியபின் நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா 1883இல் கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தார். சித்திலெவ்வையின் கல்விப் பணிக்குத் துணையும் நின்றார். எனவே அந்நாவலின் எகிப்து வெறும் கற்பனைத் தேசமன்று. அசனும் ரீச்சரும் ஒரே வகையினர் போலத் தோன்றலாம். வேறுபாடு அடிப்படையானது: அசன் தன் குடும்பத்தைத் தேடி அலைகிறான், ரீச்சர் அதிலிருந்து விலகி அலைகிறான். அசனின் பயணத்துக்கு முடிவுண்டு. ரீச்சருடையதற்கு முடிவிருக்க முடியாது. முடிந்தால் அடுத்த நாவலை விற்கவியலாது!

இனி இந்நாவல்களைக் கல்முனைக்குடியிலிருந்து வாசித்துப் பார்ப்போம். கிழக்குக் கரையின் ஏனைய முஸ்லிம், தமிழ் ஊர்களைப் போலவே இங்கும் திருமணத்தின் பின் ஆண் மனைவியின் வீட்டுக்குச் செல்வதே வழக்கம். வீடு பெண்ணின் சீதனம். ஆகவே சகோதரிகளுக்கு வீடு கட்ட உதவுவதும், பின்னர் மகள்மாருக்கு வீடு கட்டுவதும் ஓர் ஆணின் உழைப்புக் காலத்தை விழுங்கிவிடுகின்றன. தான் கட்டிய வீட்டில் அவன் குடியிருப்பதில்லை. குடியிருக்கும் வீடு அவனுடையதன்று. 1973இன் எண்ணெய் விலையேற்றத்தின் பின் வளைகுடாவுக்குச் சென்ற இலங்கையர் பலர் அனுப்பிய பணமும் கல்லாகவும் சீமெந்தாகவுமே மாறியது. இம்முறைமை பெண்ணுக்கு ஓரளவு பாதுகாப்பை வழங்கியுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை; வீடு அவள் பெயரில் இருப்பது சிறிய காரியமன்று. ஆயினும் காணி நெருக்கடி மிக்க இக்கரையோரத்தில், இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அது எத்தகைய சுமை என்பதை எவரும் அறிவர்.

இத்தகைய வாசகன் முன் பல்துலக்கியோடு மட்டும் திரியும் ஒருவனை நிறுத்திப் பார்க்க வேண்டும். எம்மைப் பொறுத்தவரை அவனுடைய கைமுட்டியைக் காட்டிலும் அவனுக்குக் கட்டவேண்டிய வீடு இல்லை என்பதே பெரிய கவர்ச்சி. 'சாகச வெறி' என்று இதனை ஒதுக்குவது வாசகனை அவமதிப்பதாகும். அவன் விரும்புவது சண்டையை அல்ல, கடனற்ற ஒரு மாலைப்பொழுதை. வளைகுடாத் தொழிலாளியும் அலைபவனே. ஆனால் கடவுச்சீட்டு எசமானின் பெட்டியிலே பூட்டப்பட்டுக் கிடக்கும் அலைச்சல் பலருடையது. பணிப்பெண்ணாகச் சென்றவளின் அலைச்சலைப் பற்றி இவ்வகை நாவல்களுக்குச் சொல்ல எதுவுமில்லை. அங்கு பெண் நாயகன் விட்டுப்போகும் ஊரிலே நிற்பவள். ஊர்ப்பெயரைப் போலவே அவள் பெயரும் நூலுக்கு நூல் மாறும்.

எனினும் இக்கவர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. இக்கரையின் மக்களுக்கு 'ஊருக்குள் வந்த அந்நியன்' என்ற சொற்றொடர் வேறு பொருள் தரும். போர்க்காலத்திலே அடையாள அட்டையின்றி அடுத்த ஊருக்குப் போதல் இயலாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, துப்பாக்கியுடன் வந்தவர்களும் தாம் நீதியின் பக்கம் நிற்பதாகவே நம்பியிருக்கக்கூடும். ரீச்சர் யாரைக் கொல்வது என்பதைத் தானே தீர்மானிக்கிறான். அவன் தவறுவதில்லை என்பதை ஆசிரியர் முன்கூட்டியே உறுதிசெய்து வைத்திருக்கிறார். விசாரணையும் சாட்சியும் தேவையற்றவையாகின்றன. இவ்வுறுதி வாழ்க்கையில் எவருக்கும் வழங்கப்படுவதில்லை. ஆயுதம் ஏந்தியவனின் தனித்தீர்ப்பு என்னவாகும் என்பதைக் கண்ட சமூகம், இப்பக்கங்களைச் சற்று வேகமாகவே புரட்டிச் செல்லும் என எண்ணுகிறோம்.

அலைபவனை வரவேற்கும் மரபு இங்கில்லை என்பதன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றப்படுகிறது. அவரும் ஊர் ஊராகச் சென்றவரே. மார்க்க நோக்கில் இவ்விழா பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள. அவை எமது விடயமல்ல. இலக்கிய நோக்கிலே கவனிக்க வேண்டியது, அங்கு அலைபவர் பெயரால் ஊர் ஒன்றுகூடுகிறது என்பதே. ரீச்சர் நாவலிலோ ஊர் என்று ஒன்று செயற்படுவதேயில்லை. முதல் நாவலின் ஜோர்ஜியா மாநிலச் சிற்றூர் கள்ளநோட்டுக் கும்பலின் பணத்தால் வாங்கப்பட்டு வாய்மூடிக் கிடக்கிறது. துணைநிற்கும் ஓரிருவரைத் தவிர ஏனையோர் வெறும் பின்னணியே. அப்பள்ளியின் முன்னுள்ள கடலிலே கரைவலை இழுப்பதற்குப் பலருடைய கைகள் ஒருங்கே தேவைப்படுகின்றன. அத்தகைய உழைப்பைச் சித்திரிக்க இந்நாவல் வடிவத்தில் இடமில்லை. அதே வேகமும் எதிர்பார்ப்பும் குன்றாமல், ஊரையே நாயகனாகக் கொண்டு ஒரு சாகசக் கதை சொல்ல முடியுமா என்பதை எமது நாவலாசிரியர்கள் இனித்தான் எழுதிப் பார்க்க வேண்டும்.